குடிமனைக்குள் செங்கல் எரியூட்டி: வன்னிக்கு ஒத்துவருமா?

சிறு வைத்தியசாலைகளும் தனியார் கிளினிக்குகளும் மருத்துவக் கழிவை எரிக்கச் செலவு குறைந்த வழியென்று சொல்லப்படுவது, செங்கல்லால் கட்டும் இரண்டறை எரியூட்டி. இங்கிலாந்தின் டி மொன்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான வடிவம். மின்சாரம் தேவையில்லை. சிறிய மாதிரி மணிக்கு ஏறத்தாழ 12 கிலோ எரிக்கும். தகரப் பீப்பாவுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் வீடுகளுக்கு நடுவில் கட்டக்கூடாது.

குறை இரண்டாவது அறையில். எரியும் கழிவின் புகை அங்கே 850 பாகை செல்சியசில் 2 செக்கனாவது நிற்க வேண்டும்; குளோரின் கூடிய கழிவென்றால் 1100 பாகை. இது ஐரோப்பிய விதி. இந்த மாதிரியில் அந்த அறைக்கென்று தனி பர்னர் இல்லை. ஈரப் பஞ்சு ஒரு பை போட்டாலே சூடு விழுந்துவிடும். மருந்தேற்றும் குழாய்கள் செய்யும் பி.வி.சி. பிளாஸ்டிக்கில், கலப்பில்லாத நிலையில், எடையில் பாதிக்குமேல் குளோரின்தான். அதை எரித்த புகை ஆறும்போது, 200 முதல் 450 பாகைக்குள், டயொக்சின் என்ற நச்சுப்பொருள் உருவாகும்.

கறுப்புப் புகை வராவிட்டால் பயமில்லை என்று நினைப்பது பெரிய பிழை. டயொக்சின் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. மனிதருக்குள் அது 90 வீதத்துக்குமேல் சாப்பாட்டால்தான் போகிறது. வன்னி முற்றங்களில் ஊர்க்கோழி மண்ணைக் கிளறித் தின்னும், மாடு வேலியோரம் மேயும். படிந்த சாம்பலிலுள்ள டயொக்சின் முட்டைக்கும் பாலுக்கும் வந்துவிடும். உடம்பில் பாதியாகக் குறையவே 7 முதல் 11 வருடம் பிடிக்கும்.

ஏற்கெனவே கட்டியவர்கள் செய்ய வேண்டியது: முதல் அரைமணித்தியாலம் காய்ந்த விறகும் சிரட்டையும் மட்டும் எரித்து உலையைச் சூடாக்குங்கள். பிறகு கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஈரத்தையும் காய்ந்ததையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். பி.வி.சி. குழாய், சேலைன் பை உள்ளே போகவே கூடாது. கண்ணாடிக் குப்பி உருகி, கழிவு கிடக்கும் கம்பித்தட்டியை அடைக்கும். ஸ்பிரே டின் வெடிக்கும். சாதாரணச் சீமெந்துச் சாந்து வெடிப்பு விட்டால் இடையால் குளிர்காற்று புகுந்து சூடு ஏறாது. தீச்செங்கல்லும் அதற்குரிய சாந்தும்தான் வேண்டும். சாம்பலில் பார உலோகமும் கருகிய ஊசியும் கிடக்கும். கிணற்றுப் பக்கம் கொட்டாமல், அடியும் பக்கமும் கொங்கிறீட் போட்டு மூடிய குழியில் போடுங்கள். வெளியில் கொட்டினால் மாரிமழையில் அந்த உலோகம் நிலத்தடி நீருக்குள் போய்விடும்.

புகைபோக்கி 4 மீற்றர் இருந்தாலும், சோளகத்தில் ஒரு பக்க வீடுகளுக்கும் வாடையில் மறுபக்க வீடுகளுக்கும் புகை போகும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஓட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி. 121 பாகை நீராவியில் 30 நிமிடம் வைத்தால் கிருமி சாகும், புகையில்லை. மின்சாரமும் தண்ணீரும் வேண்டும். பை நெருக்கி அடைத்தால் நடுவுக்கு நீராவி போகாது. பிரசவத்தில் வரும் நஞ்சுக்கொடிக்குத் தனிக் குழி வேண்டும். இரண்டு மூன்று வைத்தியசாலைகள் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். எரியூட்டிதான் என்று விற்பவர் நின்றால், இரண்டாம் அறையில் வெப்பமானி இருக்கிறதா, சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்கு என்ன ஆவணம் தருவார் என்று அத்திவாரம் வெட்ட முன்னமே கேளுங்கள்.