மல்டிமீட்டர் ‘பீப்’ அடித்தால் மோட்டார் எரிந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்

மின்சார சைக்கிளின் ஹப் மோட்டார் சக்கரம் (நடுவிலேயே மோட்டார் அடங்கிய சக்கரம்) பழுதாகி அதைக் கடைக்குக் கொண்டுபோக இருக்கிறவர்கள், சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நடக்கவே நடக்காத காயில் (மோட்டாருக்குள் இருக்கும் செப்புச் சுருள்) வேலைக்கு நான் 5,800 ரூபாய் கொடுத்திருக்கிறேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. அதோடு, எனக்குக் காட்டப்பட்ட வித்தையை எந்தக் கடையிலும் யாருக்கும் காட்டலாம் என்பதால் பெயரைவிட வித்தையைத் தெரிந்துகொள்வதே பயன்படும்.

நான் கோவை சிங்காநல்லூரில் குடியிருக்கிறேன். கணபதியில் உள்ள அலுவலகத்துக்குப் போய்வருவதற்காக, வீட்டிலிருந்த பழைய சைக்கிளின் பின்சக்கரத்தை எடுத்துவிட்டு 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் கிட் ஒன்றைப் பொருத்திக்கொண்டேன். பொருத்திக் கொடுத்ததும் அதே கடைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய வண்டி, ஒரு காலையில் சிக்னலில் நின்று கிளம்பும்போது த்ராட்டிலைத் திருகியதும் ‘கர்ர்ர்’ என்று உதறிவிட்டு அசையாமல் நின்றது. காலால் உந்திப் பெடல் மிதித்தால் சில வேளை மோட்டார் பிடித்துக்கொள்ளும், ஆனால் வெட்டி வெட்டி இழுக்கும். மோட்டாரை அணைத்துவிட்டு வெறும் சைக்கிளாக மிதித்தபோது எந்த இறுக்கமும் இல்லாமல் உருண்டது. இந்தக் கடைசி விவரம் எவ்வளவு முக்கியமானது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

கடையில் இருந்தவர், பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலிருந்து மோட்டாரின் கனெக்டரைக் கழற்றினார். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலைக்குத் திருப்பி, மஞ்சள், பச்சை, நீலம் என்றிருந்த மூன்று தடித்த வயர்களில் இரண்டிரண்டாகத் தொட்டுக் காட்டினார். ஒவ்வொரு முறையும் மீட்டர் ‘பீப்’ என்று கத்தியது. “பாருங்க சார், மூணு வயரும் ஒண்ணோட ஒண்ணு ஷார்ட் ஆயிடுச்சு. காயில் வெந்துபோச்சு” என்றார். கண்ணெதிரே கருவி கத்தும்போது எதைச் சொல்லி மறுப்பது? நான் தலையாட்டினேன்.

அந்த ‘பீப்’ ஒரு பழுதையும் காட்டுவதில்லை. மூன்று தடித்த வயர்களும் மோட்டாருக்குள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் செப்புச் சுருள்களின் முனைகள். அவற்றுக்கு இடையிலான மின்தடை ஒரு ஓமுக்கும் குறைவாகவே இருக்கும். ஆகவே இன்றைக்குப் பெட்டியிலிருந்து பிரித்த புது மோட்டாரில் வைத்தாலும் மீட்டர் இப்படித்தான் கத்தும், கத்தாவிட்டால்தான் சுருள் அறுந்திருக்கிறது என்று கவலைப்பட வேண்டும். காயில் உண்மையில் வெந்திருந்தால் அதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. தடித்த வயருக்கும் ஆக்ஸிலுக்கும் (சக்கரத்தின் நடு அச்சு) இடையே மீட்டர் கத்தும். அல்லது எல்லா வயர்களையும் கழற்றிப் போட்ட பிறகும் சக்கரம் பிரேக் பிடித்தாற்போல் இறுகிச் சுழலும். என் சக்கரமோ ஒரு விரலால் தள்ளினால் சுழன்றது.

வாரண்டி கேட்டேன். மோட்டாருக்குள் தண்ணீர் போனால் வாரண்டி கிடையாது என்றார்கள். மூன்று நாளில் தருவதாகச் சொன்ன சக்கரம் பத்தொன்பது நாட்கள் கழித்து வந்தது. ‘மோட்டார் ரீவைண்டிங் (பழைய கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவது) – 5,800’ என்று கையால் எழுதிய ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை. கழற்றிய பழைய செம்புக் கம்பியைக் கேட்டதற்கு, “அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்” என்ற பதில் வந்தது. செம்பு விற்கிற விலையில் அதைக் கேட்காமல் எடைக்குப் போட்டதற்காகவாவது அன்றே நான் சண்டை போட்டிருக்க வேண்டும்.

சரியாகப் பதினோராவது நாள், முதல் மழையில், அதே ‘கர்ர்ர்’.

இந்த முறை நண்பர் ஒருவர் என்னைப் பம்ப் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்றுக்கு அழைத்துப் போனார். பம்ப் மோட்டாருக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு காயில் விஷயத்தில் ஏமாந்தேன் என்பது இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பட்டறைப் பெரியவர் மீட்டரை எடுக்கவே இல்லை. பேட்டரியையும் கன்ட்ரோலர் கனெக்டரையும் கழற்றிவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றினார்; தடையில்லாமல் சுழன்றது. பிறகு தடித்த வயர்களில் இரண்டின் முனைகளை ஒன்றாகத் தொடவைத்துச் சுழற்றினார். சக்கரம் உடனே கனத்துப்போய் விட்டுவிட்டு நகர்ந்தது. அடுத்த இரண்டு, அதற்கடுத்த இரண்டு என்று மாற்றிப் பார்த்தபோதும் அதே கனம். “மூணும் ஒரே மாதிரி பிடிக்குது. காயில் நல்லா இருக்குதுங்க” என்றார். பேட்டரி இல்லாமலேயே கன்ட்ரோலரை மட்டும் மறுபடி இணைத்துச் சுழற்றியபோதும் சக்கரம் இலகுவாகவே சுற்றியதால், கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்குமோ என்ற சந்தேகமும் நீங்கியது. (என்னுடையது கியர் இல்லாத ஹப். கியர் உள்ள ஹப் என்றால் முன்பக்கம் சுழற்றும்போது உள்ளே மோட்டார் சுற்றாது, ஆகவே பின்பக்கமாகச் சுழற்றித்தான் பார்க்க வேண்டும்.)

மீட்டர் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. தடித்த வயர்களோடு ஐந்து மெல்லிய வயர்களும் மோட்டாரிலிருந்து வருகின்றன. சக்கரத்தோடு சுழலும் காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் மூன்று ஹால் சென்சார்களின் வயர்கள் அவை. சிவப்பு 5 வோல்ட், கறுப்பு அதற்கான நெகட்டிவ், மற்ற மூன்றும் (இவையும் மஞ்சள், பச்சை, நீலம்தான்) சென்சார்களின் செய்தி. எல்லாவற்றையும் இணைத்துப் பேட்டரியைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையைக் கறுப்பில் வைத்து, கனெக்டரின் பின்புறமாக மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டபடி சக்கரத்தை மெல்ல நகர்த்தினார். மஞ்சளும் நீலமும் ஏறக்குறைய 0 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறித் தாவின. பச்சை மட்டும் 5 வோல்ட்டிலேயே நின்றது. ஒரு சென்சாரின் செய்தி போய்ச் சேராவிட்டால் எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்று கன்ட்ரோலருக்குத் தெரியாது. நின்ற நிலையில் உதறுவதும், உந்திவிட்டால் பிடித்துக்கொள்வதும் அதனால்தான். (இந்தச் சோதனையில் மீட்டர் முனை இரண்டு வயர்களை ஒரே நேரத்தில் தொட்டுவிடக் கூடாது, தொட்டால் நல்ல சென்சாரும் கன்ட்ரோலரும் போய்விடக்கூடும்.)

மூடியைத் திறப்பதற்கு முன் திருகுகளைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு திருகின் தலைக்குழியிலும் சேறு காய்ந்து இறுகியிருந்தது. ஊசியால் நோண்டிய பிறகே சாவி உட்கார்ந்தது. உள்ளே செப்புச் சுருள்களின் மேல் வார்னிஷ் தேன் நிறத்தில், கறுக்காமல், தொழிற்சாலையில் கட்டிய நூல் முடிச்சுகளோடு அப்படியே இருந்தது. பெரியவர் நிமிர்ந்து பார்த்து, “ஏனுங்க, இதுல யாருமே கை வெச்சதில்லைங்களே!” என்றார்.

கடைக்காரர்கள் கைவைத்த இடம் வெளியே இருந்தது. ஆக்ஸிலிலிருந்து வயர் வெளிவரும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, கறுப்பு உறைக்கு அடியில், மெல்லிய பச்சை வயரை ஈயப்பற்றுகூட வைக்காமல் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். அதற்குத்தான் 5,800 ரூபாய். அந்த வயர் ஏன் அறுந்தது என்பதும் அங்கேயே தெரிந்தது. சைக்கிள் சட்டத்தில் ஆக்ஸில் உட்காரும் பிளவின் ஓரத்தில் பெயின்ட் பிறை வடிவில் சுரண்டப்பட்டிருந்தது. ஹப் மோட்டாரில் சக்கரம் முன்னே சுழல, ஆக்ஸில் அதே விசையோடு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தச் சட்டத்தோடு இணைக்கும் டார்க் ஆர்ம் என்ற இரும்புப் பட்டை வேண்டும். என் வண்டியில் அதைப் பொருத்தவே இல்லை. நட்டு தளர, ஆக்ஸில் திரும்பி, வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டது. அதாவது பழுதுக்கு முதல் காரணமே கடைக்காரர் பொருத்திக் கொடுத்த விதம்தான். அதற்கு அவரே என்னிடம் கூலியும் வாங்கியிருக்கிறார்.

பெரியவர் உள்ளிருந்தே புது வயர் இழுத்துப் பற்றுவைத்து, பட்டறை லேத்தில் ஒரு டார்க் ஆர்மும் செய்து பொருத்தினார். மொத்தம் 750 ரூபாய்.

மூடி திறப்பதை முழுவதுமாக நண்பரின் கைபேசியில் வீடியோ எடுத்திருந்தோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்த பிறகு, 2,000 ரூபாய் தருவதாகவும் ‘எனக்குக் குறையில்லை’ என்று எழுதித் தர வேண்டும் என்றும் கடையிலிருந்து சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம், சேவைக்காக நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டதென்றால் கட்டணமும் இல்லை. ரசீதையும், டேப் ஒட்டியபடியே வெட்டியெடுத்த அந்தப் பச்சை வயர்த் துண்டையும் ஓர் உறையில் போட்டு மனுவோடு வைத்திருக்கிறேன். விசாரணைக்குத் தேதி கிடைத்ததும் அதையும் எழுதுகிறேன்.