இடைநிறுவன ஒப்பந்தத்தில் ஒரு சிறு மருந்தகம்: மூன்றாண்டுக்குப் பிறகு

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் நான் நடத்தும் சிறு மருந்தகம், ஊழியர்களின் மருத்துவச் செலவை முதலாளிகளின் சார்பில் நிர்வகிக்கும் ஓர் இடைநிறுவனத்தோடு 2022ஆம் ஆண்டின் மத்தியில் மூன்றாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஊழியர் அட்டையைக் காட்டி மருந்து வாங்கிச் செல்வார். ஒவ்வொரு மருந்துக்கும் இடைநிறுவனம் தரும் அதிகபட்சத் தொகையைக் குறிக்கும் உச்ச விலைப் பட்டியலின்படி நான் பிறகு அதனிடம் பணம் கோர வேண்டும். கிளினிக்கிலேயே மருந்தும் கொடுத்துவிடும் ஊர் இது என்பதால், மருந்துச் சீட்டோடு கடைக்கு வருபவர்கள் குறைவு; பேரம் பேசும் பலமும் அந்த அளவில்தான்.

முதல் ஒப்பந்தத்தில் மருந்து வழங்கும் கட்டணத்துக்காக இரண்டு வாரம் வாதாடி, சீட்டுக்கு 50 காசு கூடுதலாகப் பெற்றேன். ஆனால் ‘விலைகள் பொருள் சேவை வரி உட்பட’ என்ற வரியைப் படித்தும் பொருட்படுத்தவில்லை. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டாததால் என் கடை அந்த வரிக்குப் பதிவு செய்யப்படவில்லை. ஆகவே மொத்த விற்பனையாளருக்கு நான் கட்டும் வரியைத் திரும்பக் கோர வழியில்லை, அது முழுவதும் கொள்முதல் செலவே. வரி 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் உயர்ந்தபோது, 60 வெள்ளி மருந்தின் அடக்கவிலை 64.20இலிருந்து 65.40 ஆனது. பட்டியல் அசையவில்லை. வாதாடிப் பெற்ற 50 காசு போன இடம் தெரியவில்லை.

அக்கம்பக்கத்துக் கடைகளோடு சேர்ந்து பேசலாமென நினைத்தபோது, வழக்கறிஞரான என் மைத்துனர் போட்டியாளர்கள் கூடி விலை பேசுவதைத் தடுக்கும் போட்டித்தன்மைச் சட்டத்தின் 34ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். மருத்துவர் சங்கத்தின் கட்டண வழிகாட்டியே அச்சட்டத்துக்கு முரணானது என 2010இல் முடிவானதையும் நினைவூட்டினார். அமெரிக்காவிலோ சிறு மருந்தகங்களின் சார்பில் ஒப்பந்தம் பேசுவதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. அங்கே ஆர்க்கன்சா மாநிலத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம், கொள்முதல் விலை ஏறினால் இடைநிறுவனம் பட்டியலை உரிய காலத்தில் திருத்தவும், கடைக்காரர் மேல்முறையீடு செய்யவும், நட்டத்துக்கு விற்க மறுக்கவும் வழி செய்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020இல் அதை ஏற்றது. அந்தச் சட்டம் இங்கே செல்லாதென்றாலும், எதைக் கேட்க வேண்டுமென்பதை அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

2025இல் புதுப்பிக்கும்போது கட்டணத்தைப் பற்றிப் பேசவேயில்லை. அடக்கவிலை பட்டியலை மிஞ்சிய மருந்துகளின் ஆறு மாத ரசீதுகளை அடுக்கி வைத்தேன். கட்டுமான ஊழியர்களுக்கு மருந்து உட்கொள்ளும் முறையைத் தமிழில் விளக்கும் கடை வேண்டுமென்று அவர்களுடைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவும் எழுதிக் கொடுத்திருந்தது. ரசீதுகளைவிட அந்தக் கடிதமே கூடுதலாக வேலை செய்தது என்பது என் கணிப்பு. வரி மாறினால் உடனடித் திருத்தமும், கொள்முதல் விலைக்குக் காலாண்டுத் திருத்தமும் கிடைத்தன. நட்டத்துக்கு விற்க மறுக்கும் உரிமையை மட்டும் தரவில்லை.

பணம் வரும் நாள் இன்னும் தலைவலிதான். ஒப்பந்தப்படி 45 நாள்; பெரும்பாலும் 60ஐத் தொடுகிறது; மொத்த விற்பனையாளரோ எனக்குத் தருவது 30 நாள். மருந்தின் மூலப்பெயருக்குப் பதில் தயாரிப்பாளர் சூட்டிய வணிகப்பெயர் பதிவானால் கோரிக்கை திரும்பி வந்துவிடும், நாள் கணக்கும் முதல் நாளிலிருந்து தொடங்கும். 2028இல் பேச இப்போதே அந்தத் தேதிகளைக் குறித்து வைத்து வருகிறேன்.