வீட்டுக்கு ஒரு மலிவு லேப்டாப்: புதுசா, ரீஃபர்பிஷ்டா, குரோம்புக்கா?

நான் முதலில் வாங்கிய மலிவு லேப்டாப்பில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான மலிவு ஸ்டோரேஜ்). பெட்டியைப் பிரித்த அன்று நன்றாகத்தான் ஓடியது. சில மாதங்களில் பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்து, சி டிரைவில் இடம் இல்லை என்று பாதியில் நின்றது. போட்டோக்களைப் பென் டிரைவுக்கு மாற்றினேன், பாதி புரோகிராம்களை அழித்தேன், அப்படியும் பத்தவில்லை. ரேமையும் ஸ்டோரேஜையும் போர்டிலேயே சால்டர் செய்திருந்தார்கள், கூட்டவும் வழியில்லை. அடுத்த வருடமே இன்னொன்று வாங்கினேன். இரண்டு செலவையும் கூட்டிப் பார்த்தால் மலிவாவது ஒன்றாவது!

அதனால் இப்போது யார் கேட்டாலும், பிராசஸர் பெயரைப் பார்ப்பதற்கு முன் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இருக்கிறதா பாருங்கள் என்பேன். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம்தான். அதை வைத்து இன்ஸ்டால் செய்யலாம், குடித்தனம் நடத்த முடியாது.

சரி, குறைந்த பணத்தில் வாங்க மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, சீல் பிரிக்காத புது மெஷின். இந்த விலைப் பிரிவில் அடிக்கடி கண்ணில் படுவது இன்டெல் என்100 என்ற பிராசஸர். 2023-இல் வந்தது, 4 கோர், வெறும் 6 வாட். பிரவுசர், வீடியோ கால், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு எல்லாவற்றையும் சூடாகாமல் சமாளிக்கும். அதன் பக்கத்திலேயே செலரான் என்4020 போட்ட மெஷின் இன்னும் கொஞ்சம் விலை குறைவாக இருக்கும். அதில் 2 கோர்தான், சேமித்த பணத்தைத் தினமும் காத்திருந்தே கழிக்க வேண்டியிருக்கும். ஏஎம்டி பக்கம் ரைசன் 5 7520யூ என்ற பெயரைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். 7000 வரிசை என்றாலும் உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. மோசமான சிப் இல்லை, வீட்டு வேலைக்குத் தாராளம். ஆனால் அதோடு வரும் எல்பிடிடிஆர்5 ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், வாங்கும்போது என்ன அளவோ கடைசி வரை அதேதான்.

இரண்டாவது, என் ஓட்டு விழும் இடம்: அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் பிசினஸ் லேப்டாப், அதாவது ரீஃபர்பிஷ்ட். லெனோவோ தின்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 7490 போன்றவை. புதிதாக இருந்தபோது நம் பட்ஜெட்டுக்குப் பக்கத்திலேயே வந்திருக்காது. இரண்டிலும் இரண்டு ரேம் ஸ்லாட், மாற்றக்கூடிய எஸ்எஸ்டி, டைப்-சி சார்ஜிங். பிராசஸர் 8-ஆம் தலைமுறை இன்டெல் ஐ5-8350யூ, 4 கோர். வேகத்தில் என்100-க்குக் கிட்டத்தட்ட சமம்தான். வித்தியாசம் கையில் தெரியும். மலிவுப் புது லேப்டாப்பின் கீபோர்டை நடுவில் அழுத்தினால் தகடு மாதிரி உள்ளே அமுங்கும். டி480-இல் விரல்தான் அமுங்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டி470-உம் டி480-உம் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். டி470-இல் 6-ஆம் அல்லது 7-ஆம் தலைமுறை இன்டெல் இருக்கும். விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் பிராசஸர்களின் பட்டியல், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, 8-ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் போடத் தெரிந்தவர் கண்ணை மூடிக்கொண்டு டி470-ஐ எடுக்கலாம், மற்றவர்கள் பிராசஸர் எண்ணைப் படித்துவிட்டு எடுங்கள். ஸ்கிரீனையும் கேளுங்கள். டி480-இலேயே 1366×768 பேனலும் உண்டு, 1920×1080 ஐபிஎஸ் பேனலும் உண்டு. முதலாவதில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறும்.

புது மெஷின் ஜெயிக்கும் இடமும் உண்டு. என்100 ஏவி1 வீடியோவை (வீடியோவைச் சுருக்கி அனுப்பும் ஒரு புதிய முறை) தன் கிராஃபிக்ஸ் சிப்பிலேயே விரித்துக் காட்டும். 8-ஆம் தலைமுறைக்கு அது தெரியாது, பிராசஸரே அந்தச் சுமையையும் தூக்கும். யூடியூபில் ஏவி1 வீடியோ ஓடும்போது பழைய மெஷினின் ஃபேன் திடீரென்று இரைவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அப்புறம் வாரன்டி. ஏதாவது ஆனால் உள்ளே கை வைக்க வீட்டில் ஆள் இல்லை என்றால் புதுசுதான் நிம்மதி.

மூன்றாவது குரோம்புக், அதாவது விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் லேப்டாப். எல்லா வேலையும் பிரவுசரிலேயே முடிகிற வீட்டுக்கு, குறிப்பாக அப்பா அம்மாவுக்கு, இதைவிடத் தொல்லையில்லாத மெஷின் கிடையாது. மேலே சொன்ன ரேம் கணக்கு இதற்குக் கொஞ்சம் தளரும், 4 ஜிபியிலும் ஓடிவிடும். ஆனால் விண்டோஸ் மென்பொருள் எதையும் இதில் நிறுவ முடியாது. எக்செல் கூட வெப் பதிப்புதான். 2021 முதல் வந்த மாடல்களுக்கு 10 வருட அப்டேட் என்று கூகுள் சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கு அந்த மாடலின் பிளாட்ஃபார்ம் (உள்ளே இருக்கும் அடிப்படை ஹார்ட்வேர்) வெளிவந்த நாளிலிருந்து ஓடும், நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து அல்ல. பழைய குரோம்புக்கை மலிவாகக் கொடுத்தால் செட்டிங்ஸில் அப்டேட் எந்த மாதம் வரை என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ரீஃபர்பிஷ்ட் என்று முடிவு செய்தவர்களுக்கு இரண்டு வேலை. ஆன் செய்து பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) போய்ப் பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டாலோ, விண்டோஸை முதலில் அமைக்கும்போது முன்பின் தெரியாத நிறுவனத்தின் பெயரோடு லாகின் பக்கம் வந்தாலோ அந்த மெஷினை வாங்காதீர்கள். பழைய அலுவலகத்தின் பூட்டு இன்னும் கழற்றப்படவில்லை என்று அர்த்தம். பிறகு விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, டிசைன் கெபாசிட்டியையும் (புதிதில் இருந்த அளவு) ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியையும் (இப்போது தாங்கும் அளவு) ஒப்பிடுங்கள். இரண்டாவது முதலாவதில் பாதிக்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு கேளுங்கள். டி480 என்றால் உள்ளே ஒன்று, பின்னால் கழற்றி மாட்டும் ஒன்று என இரண்டு பேட்டரி. பின்னால் இருப்பதை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி வேறொன்றை மாட்டலாம்.