கூகுள் ஷீட்டில் பைத்தான் வழியாக எழுத: ஜிஸ்ப்ரெட்டா, கூகுளின் கிளையன்ட்டா, வெறும் ரிக்வெஸ்ட்ஸா?

ஈரோட்டில் மஞ்சள் வியாபாரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்களிடம் இந்த வேலை எப்படியும் ஒருநாள் வந்து சேரும். அன்றைய ஏலத்தில் எந்த லாட், விரலியா கிழங்கா, எத்தனை மூட்டை, குவிண்டால் என்ன விலை என்பதெல்லாம் தானாகவே கூகுள் ஷீட்டில் ஏற வேண்டும். ஷீட்டை விட்டு வேறு எதற்கும் கணக்குப்பிள்ளை வரமாட்டார். அவரோடு வாதாடிப் பயனில்லை.

பைத்தானில் இதற்கு மூன்று வழி. ஜிஸ்ப்ரெட் என்ற சின்ன லைப்ரரி, கூகுளே தரும் ஏபிஐ (ஒரு புரோகிராம் இன்னொன்றோடு பேசும் வாசல்) கிளையன்ட், இதற்கென்று தனி லைப்ரரி இல்லாமல் இணையக் கோரிக்கை அனுப்பும் பொதுவான ரிக்வெஸ்ட்ஸ் வைத்து நேராக ஏபிஐயைக் கூப்பிடுவது. ஒரே ஒரு மண்டிக்கு ஒரே ஒரு ஷீட் என்றால் என் ஓட்டு ஜிஸ்ப்ரெட்டுக்குத்தான். ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நிறுவுவதில் பெரிய வித்தியாசம் இல்லை, எல்லாம் ஒரு பிப் இன்ஸ்டால்தான். புது உபுண்டுவில் நேராகப் போட்டால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று மறுத்துவிடும். வென்வ் (இந்த வேலைக்கென்று தனி பைத்தான் சூழல்) ஒன்று உருவாக்கி அதற்குள் போடுங்கள். கூகுளின் கிளையன்ட் மட்டும் கொஞ்சம் கனம். 2-ஆம் பதிப்பிலிருந்து எல்லா கூகுள் ஏபிஐகளின் விவரக் கோப்புகளையும் கூடவே கட்டி அனுப்புகிறார்கள். ஷீட் ஒன்றுக்காக அத்தனையையும் இறக்க வேண்டியிருக்கிறது.

சாவி விஷயம் மூன்றுக்கும் பொது. கூகுள் கிளவுடில் சர்வீஸ் அக்கவுன்ட் (ஆளுக்குப் பதில் புரோகிராம் பயன்படுத்தும் கணக்கு) தொடங்கி, சாவி இருக்கும் ஜேசன் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். அந்த அக்கவுன்ட்டுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும், ஷீட்டை அதற்கு எடிட்டராக ஷேர் செய்ய வேண்டும். இதை விட்டால் எந்த லைப்ரரி போட்டாலும் ஷீட் திறக்காது, பெரும்பாலும் 403 என்ற அனுமதி மறுப்புப் பிழைதான் வரும். ஜிஸ்ப்ரெட்டில் ஷீட்டைப் பெயர் சொல்லித் திறந்தால் டிரைவ் ஏபிஐயும் இயங்க வேண்டும். ஷீட்டின் இணைய முகவரியில் இருக்கும் நீள ஐடியைக் கொடுத்துத் திறந்தால் ஷீட்ஸ் ஏபிஐ மட்டும் போதும்.

இனி அந்தப் பள்ளம். மஞ்சளின் ஹெச்எஸ்என் (ஜிஎஸ்டிக்காகப் பொருளை வகைப்படுத்தும் குறியீடு) தலைப்பு எண் 0910. ஜிஸ்ப்ரெட் எழுதும்போது 'ரா' முறையில் எழுதும், அதாவது கொடுத்தது கொடுத்தபடியே இருக்கும், 0910 பத்திரமாக இருக்கும். ஆனால் தேதியும் வெறும் எழுத்தாகவே உட்கார்ந்துவிடும், மாதவாரியாக வரிசைப்படுத்தினால் கோணலாகும். சரி, 'யூசர் எண்டர்டு' என்று மாற்றினால் நாமே தட்டச்சு செய்ததுபோல ஷீட் புரிந்துகொள்ளும். தேதி தேதியாகிவிடும், ஆனால் 0910 வெறும் 910 ஆகிவிடும். சாயங்காலமே போன் வரும்: "ஏனுங்க தம்பி, முன்னால இருந்த சைபரு எங்கீங்க போச்சு?"

இதற்கு எளிய வழி, 'யூசர் எண்டர்டு' வைத்துக்கொண்டு ஹெச்எஸ்என் நெடுவரிசையை முன்பே ப்ளெயின் டெக்ஸ்ட் ஆக்கிவிடுவது. ஷீட்டின் லொக்கேலையும் (எந்த நாட்டு வழக்கம் என்ற அமைப்பு) இந்தியா என்று மாற்றிவிடுங்கள். அமெரிக்காவாக இருந்தால் 05/03 என்று எழுதிய மார்ச் 5 மே 3 ஆகிவிடும்.

எழுதுவதில் தப்பித்தாலும் படிக்கும்போது மாட்டும். ஜிஸ்ப்ரெட்டின் 'கெட் ஆல் ரெக்கார்ட்ஸ்' எண் மாதிரி தெரிவதை எல்லாம் எண்ணாக்கித் தரும், அங்கேயும் சைபர் காணாமல் போகும். 'நியூமரிசைஸ் இக்னோர்' என்ற இடத்தில் 'ஆல்' என்று கொடுத்தால் நிற்கும். மற்ற இரண்டு வழியிலும் இந்தத் தொல்லை இல்லை. படிக்கும்போது ஷீட்டில் தெரிவது அப்படியே எழுத்தாக வரும். எழுதும்போது எந்த முறை என்று நீங்களே சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் ஏபிஐ 400 (கோரிக்கை தவறு) என்று திருப்பி அனுப்பும். உதவி செய்கிறேன் என்று நமக்குத் தெரியாமல் எதையும் மாற்றாதது கூகுளின் கிளையன்ட்டில் எனக்குப் பிடித்த விஷயம். அதற்காக ஒரு வரிசை சேர்க்க நான்கு புள்ளி வைத்து நீளமாக எழுதி, கடைசியில் 'எக்சிக்யூட்' போட மறந்துவிட்டு ஏன் ஏறவில்லை என்று முழிப்பதெல்லாம் கொஞ்சம் எரிச்சல்தான்.

அப்புறம் வேகக் கட்டுப்பாடு. ஒரு பயனருக்கு நிமிடத்துக்கு 60 எழுதும் கோரிக்கைகள்தான், சர்வீஸ் அக்கவுன்ட்டும் ஒரு பயனர் கணக்குதான். லாட் ஒன்றுக்கு ஒரு கோரிக்கை என்று அனுப்பினால் நல்ல வரத்து உள்ள நாளில் 429 (கோரிக்கைகள் அதிகம்) என்ற பிழை வந்துவிடும். ஜிஸ்ப்ரெட்டில் 'அப்பெண்ட் ரோஸ்' போட்டு மொத்தமாக ஒரே கோரிக்கையில் அனுப்பலாம். கூகுளின் கிளையன்ட்டில் 'நம் ரீட்ரைஸ்' கொடுத்தால் கொஞ்சம் பொறுத்துத் தானே மறுபடி முயலும். ரிக்வெஸ்ட்ஸில் அதையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

வெறும் ரிக்வெஸ்ட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏபிஐ எப்படி வேலை செய்கிறது என்று கற்க நல்லது. சாவியைக் காட்டி வாங்கும் தற்காலிக அனுமதிச் சீட்டான ஆக்சஸ் டோக்கன் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும், காலையில் ஓடிய புரோகிராம் ஏலம் நடக்கும்போது 401 என்று நிற்கும். கூகுள் ஆத் என்ற லைப்ரரியில் உள்ள 'ஆத்தரைஸ்டு செஷன்' டோக்கனைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், அதையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஷீட்டோடு ஜிமெயிலில் பட்டியல் அனுப்புவது, டிரைவில் பில் போட்டு வைப்பது எல்லாம் சேர்ந்தால் யோசிக்காமல் கூகுளின் கிளையன்ட்டுக்குப் போங்கள்.

ஜிஸ்ப்ரெட் எடுப்பவர்கள் தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் பதிப்பு எண்ணையும் எழுதிவிடுங்கள். 6-ஆம் பதிப்பில் 'அப்டேட்'டுக்குக் கொடுக்கும் விவரங்களின் வரிசை மாறிவிட்டது. இப்போது மதிப்புகள் முதலில், செல் முகவரி அடுத்து. இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்கள் பல தலைகீழாக இருக்கும், இரண்டையும் பெயர் சொல்லியே கொடுத்துவிட்டால் வரிசையைப் பற்றிக் கவலை இல்லை.