இருப்பதா, கிளம்புவதா? கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களின் கணக்கு

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம் மார்ச் மாதத் தேசியப் போட்டியில் இரண்டு மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டால் போதும், அதன் பயிற்சியாளருக்குப் பெரிய இடங்களிலிருந்து அழைப்பு வந்துவிடும். போவதா இருப்பதா என்று எடைபோட, 1999-இல் கொன்ஸாகா பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் போல நல்ல உதாரணம் வேறில்லை. ஒரே அலுவலகத்தில் இருந்த இருவர் அந்த ஆண்டு ஆளுக்கொரு வழியை எடுத்தார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் இருக்கும் கொன்ஸாகா, அந்த மார்ச்சில் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்தது. தலைமைப் பயிற்சியாளர் டான் மான்சன் சில மாதங்களில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பெரிய பல்கலைக்கழகங்கள் ஆடும் பிக் டென் லீக்கில் ஒரு அணி என்றால் யாருக்கும் ஆசை வரும்தான். ஆனால் முந்தைய பயிற்சியாளர் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பாடக் கட்டுரைகளை வேறொருவர் எழுதிக் கொடுத்த ஊழல் அங்கே அப்போதுதான் வெடித்திருந்தது. அதற்கான தண்டனையில் ஸ்காலர்ஷிப் இடங்கள் குறைந்தன. யாரோ செய்த தப்புக்கு மான்சன் வட்டி கட்டினார். 2005-இல் ஒரே ஒரு முறை தேசியப் போட்டிக்கு அணியைக் கொண்டுபோனார், 2006-இல் விலகினார். திறமை குறைந்த பயிற்சியாளர் இல்லை அவர். அந்த நாற்காலி அப்படி.

அவருடைய உதவிப் பயிற்சியாளர் மார்க் ஃபியூ கொன்ஸாகாவிலேயே பொறுப்பேற்றார். அதிலிருந்து 2025 வரை, கொரோனாவால் ரத்தான 2020 தவிர, ஒரு தேசியப் போட்டியைக்கூட அவர் அணி தவறவிடவில்லை. 2017, 2021 இரண்டு முறையும் இறுதி ஆட்டம் வரை போனார். இதை வெறும் விசுவாசம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொன்ஸாகாவில் அமெரிக்கக் கால்பந்து அணியே கிடையாது. பணமும் கவனமும் முதலில் கூடைப்பந்துக்குத்தான் வரும். 2004-இல் 6,000 பேர் உட்காரும் அரங்கமும் எழுந்தது. அவர் இடம் மாறவில்லை, இருந்த இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டார்.

மூன்றாவது வழி, தொழில்முறை லீக்கான என்பிஏ. பட்லர் என்ற சின்னப் பல்கலைக்கழகத்தின் அணியை 2010, 2011 என அடுத்தடுத்து இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுவந்த பிராட் ஸ்டீவன்ஸ், 2013-இல் என்பிஏ அணியான பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போனார். முதல் சீசனில் 25 வெற்றி, 57 தோல்வி. ஆனால் கையில் ஆறு ஆண்டு ஒப்பந்தம். அணியைப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று நிர்வாகமும் முன்பே முடிவு செய்திருந்தது. அதனால் தோல்விகளைத் தாண்டி நிற்க முடிந்தது. மான்சனுக்கு அந்த அவகாசம் அமையவில்லை.

இப்போது கணக்கே மாறிவிட்டது. ஆட்டக்காரர்கள் ஒரு சீசன்கூட வெளியே உட்காராமல் அணி மாறலாம், பணமும் வாங்கலாம். சின்ன இடத்திலேயே இருக்கும் பயிற்சியாளரை விட்டு அவருடைய நல்ல ஆட்டக்காரர்கள் போய்விடுகிறார்கள். பயிற்சியாளர் பென் மெக்காலம் இதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார். கல்லூரி விளையாட்டின் இரண்டாம் பிரிவில் ஆடும் நார்த்வெஸ்ட் மிசௌரியில் நான்கு சாம்பியன் பட்டம் வென்றவர், 2024-இல் முதல் பிரிவில் ஆடும் டிரேக் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது பென்னெட் ஸ்டிர்ட்ஸ் உட்பட தன் ஆட்டக்காரர்கள் சிலரையும் அழைத்துக்கொண்டு போனார். அந்த சீசனில் டிரேக் 31 ஆட்டம் ஜெயித்தது. அடுத்த ஆண்டே அவர் பிக் டென் லீக்கில் ஆடும் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனார், ஸ்டிர்ட்ஸும் கூடவே.

இன்று யோசனை கேட்கும் இளம் பயிற்சியாளருக்கு நான் மெக்காலம் வழியைத்தான் சொல்வேன். ஆனால் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்னால், போகும் இடத்தில் விசாரணை ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.