‘கறுப்பில் ஜெயிக்கும் ஓப்பனிங்’ விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்

நேற்று மாலை செஸ் போட்டியின் கடைசிச் சுற்று முடிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) பாடங்களை எப்படி விசாரித்து வாங்குவது என்று விரிவாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

செஸ் பாடங்களை விற்கும் ஓர் இணையதளம். இலவச அறிமுக வகுப்பில் பயிற்சியாளர் நான் தோற்ற பழைய ஆட்டம் ஒன்றைக் கேட்டு வாங்கி, பொறுமையாக நகர்த்திப் பார்த்தார். “உங்களுக்கு ஆட்டம் தெரிகிறது, ஓப்பனிங்தான் காலை வாருகிறது” என்றார். இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. அங்கேயே விழுந்துவிட்டேன். “2000-இல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக், சாம்பியன் காஸ்பரோவை வீழ்த்திய பெர்லின் தற்காப்பு இது, கறுப்புக் காய்க்கான ஓப்பனிங். கறுப்பில் ஜெயிக்க இது போதும்.” அன்றிரவே அரை மாதச் சம்பளத்தை அனுப்பினேன்.

நேற்று எனக்கு வெற்றி மட்டுமே தேவை, கிடைத்ததோ கறுப்புக் காய். அவர் தந்த கோப்பில் இருந்தபடியே ஆடினேன். எதிராளி எங்கேயும் நின்று யோசிக்கவில்லை. 11-வது நகர்த்தலில் அவர் ராணி இ4 கட்டத்தில் நின்று செக் வைத்தது. என் ராணி இ6-இல் மறித்தது. அவர் டி4-க்குத் திரும்பினார், நான் டி6-க்கு. மறுபடி இ4, இ6, டி4. கோப்பும் அதோடு முடிந்திருந்தது. 14-வது நகர்த்தலாக ராணியை டி6-இல் வைத்ததும் அவர் கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைத்தார். பலகையில் ஒரே நிலை மூன்றாம் முறை வந்துவிட்டது. அதனால் டிரா.

“எல்லோருக்கும் தெரிந்த டிரா ஆயிற்றே, ஜெயிக்க வேண்டிய நாளில் ஏன் இதை ஆடினீர்கள்?” என்று அவர் பரிவோடுதான் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

வீட்டுக்கு வந்து தேடினேன். லண்டனில் பெர்லின் வந்த 4 ஆட்டங்களும் டிரா! கிராம்னிக் ஜெயித்த 2 ஆட்டங்களிலும் அவருக்கு வெள்ளைக் காய். ஓப்பனிங்கின் மேல் எனக்குக் குறையில்லை; காஸ்பரோவையே ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவிடாத சுவர் அது. சுவரை வாள் என்று சொல்லி விற்றதுதான் அநியாயம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “தோற்கவில்லையே, அரைப் புள்ளி வந்ததே” என்று பதில். பிறகு, “கோப்பைத் திறந்துவிட்டால் பணம் திரும்பாது.” பிறகு, வெற்றிக்கான வழிகள் அடுத்த பாடத்தில் இருக்கின்றனவாம், அதற்குத் தனிக் கட்டணமாம். இன்று காலை முதல் பதிலே இல்லை. அரை மாதச் சம்பளம்!

வெற்றி உறுதி என்று சொன்னால் நம்பாதீர்கள். எந்த நகர்த்தல் வரிசை என்று முதலில் கேளுங்கள். இலவச ஆட்டத் தொகுப்புகளில் அதன் முடிவுகளைப் பாருங்கள். முழுப் பணத்தையும் ஒரே நாளில் கட்டாதீர்கள். இதற்கு மேல் எழுத இப்போது கை ஓடவில்லை.