இடுக்கியா, கொக்கியா, குழாயா? பையை யார் பிடிப்பது என்று பாருங்கள்

மாரி மழை விழுந்து வயல்வட்டை நிரம்பியதும் மட்டக்களப்புப் படுவான்கரையில் எலியும் தவளையும் மேட்டு நிலத்துக்கு ஏறும். அவற்றின் பின்னால் பாம்பும் ஏறும். பெரும்போக அறுவடைக்கு மெஷின் வயலுக்குள் இறங்கும்போது அடுத்த சுற்று. வளவுக்குள் வந்ததை அடிக்காமல் எடுத்துவிட எந்தச் சாமான் நல்லது என்று இப்போது பலர் கேட்கிறார்கள். நானும் கூட்டாளிமாரும் இடுக்கி, கொக்கி, பையோடு சேர்ந்த குழாய் என்று மூன்றையும் பாவித்துப் பார்த்தோம். நான் குழாய்க் கட்சிக்கு வந்துவிட்டேன், அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைத்து வாசிக்க வேண்டாம்.

முன்னதாக ஒன்று. பழக்கமுள்ள ஒருவரிடம் கூடவே நின்று கற்காதவர்களுக்கு இந்த மூன்றுமே வேண்டாம். பாம்பைக் கண்டால் தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பாருங்கள், பிள்ளைகளையும் நாயையும் உள்ளே எடுங்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். பிடித்ததை வீட்டில் வைத்து வளர்க்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். நம் நாட்டுக் காட்டுப் பாம்பை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது சட்டத்துக்கு விரோதம்.

விலை, பாரம் எல்லாம் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவை. கொக்கி மலிவு. ஊரில் உள்ள எந்த வெல்டிங் கடையிலும் கம்பியை வளைத்துக் குழாய்ப் பிடியில் ஒட்டித் தருவார்கள். இடுக்கி வெளியில் இருந்து வரவேண்டும், விலையும் கூட. நாங்கள் எடுப்பித்த ஒன்று கல்லடிக் கடற்காற்றுக்கு ஒரு மாரிக்குள்ளேயே துருப்பிடித்து, விசையை இழுத்தால் வாய் பாதியில் நின்றுவிடும். விற்றவரிடம் கேட்டதற்கு எண்ணெய் பூசச் சொன்னார். குழாய் என்பது கட்டட வேலையில் மிஞ்சிய பிவிசி துண்டு, அதற்குத் துருவும் இல்லை, எண்ணெயும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். இடுக்கி வாங்குகிறவர் எல்லோரும் சொல்லும் காரணம் தூரம். நாலடி நீளம், பாம்பு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சரிதான், தூக்கும் வரைக்கும் சரி. தூக்கிய பாம்பை என்ன செய்வது? ஒரு பைக்குள் போடவேண்டும். பை தானாக வாய் திறந்து நிற்காது. ஒருவர் உரப்பையின் விளிம்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க வேண்டும். இடுக்கியில் நெரிபட்டு முறுகிக்கொண்டு வரும் பாம்பின் தலை நேராக அவருடைய விரல்களை நோக்கித்தான் இறங்குகிறது. இடுக்கி பிடித்தவருக்குக் கிடைத்த நாலடி, பை பிடித்தவருக்குக் கிடைக்கவில்லை. காணொளிகளில் கமரா தூக்குகிறவரையே பார்ப்பதால் இது கண்ணில் படுவதில்லை. நீங்கள் அடுத்த முறை பார்க்கும்போது பை பிடிக்கிறவரைப் பாருங்கள்.

எங்கள் குழுவில் பை பிடிப்பது எப்போதும் வயது குறைந்த தம்பிதான். மற்றவர்களுக்கு இடுக்கி பிடிக்க ஆசை. இதை யோசித்த நாளில் இருந்து எந்தச் சாமானைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: பாம்பு பைக்குள் போகும் நேரத்தில் யாருடைய கை எங்கே இருக்கிறது?

கொக்கிக்கும் இந்தக் கேள்வியில் முழுப் புள்ளி இல்லை. வெங்கிணாந்தி (மலைப்பாம்பு), கண்ணாடிப் புடையன் போன்ற தடித்த பாம்புகளின் நடு உடம்புக்குக் கீழே கொக்கியைக் கொடுத்தால் பாரம் தானாக அதில் தங்கும், நெரிக்கத் தேவையில்லை. சாரைக்கு அது சரிவராது. ஏறியதும் இறங்கி, நீங்கள் திரும்புவதற்குள் வேலிக்கு அப்பால் நிற்கும். கட்டு விரியன் மெல்லியது, வழுக்கும், கொக்கியில் நிற்காது. நின்றாலும் கடைசியில் அதே பைதான், அதே விரிப்புத்தான். வாளியை நிலத்தில் வைத்து அதற்குள் இறக்கலாம் என்பது மட்டும் கொக்கிக்கு ஒரு ஆறுதல். மூடியைப் போடுவதற்குள் புடையன் வாளியின் விளிம்பைத் தாண்டிச் சீறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழாய் வேலை செய்யும் விதமே வேறு. அதில் யாரும் எதையும் தூக்குவதில்லை. நாலு அங்குலக் குழாயில் இரண்டடித் துண்டு ஒன்று. அதன் ஒரு முனையைத் தடித்த இருண்ட துணிப்பையின் வாய்க்குள் விட்டு, மேலால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டவேண்டும். பை நிலத்தில் நீட்டிக் கிடக்கும், எவரும் பிடிக்கத் தேவையில்லை. குழாயின் திறந்த வாயைச் சுவரோரமாக வைத்து மேலே ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். பயந்த பாம்புக்குத் தேவை ஒளிய ஒரு இடம், வெளிச்சத்தில் அகப்பட்டது சுவரை ஒட்டியே நகரும், முன்னால் ஒரு இருட்டுப் பொந்து கிடைத்தால் புகுந்துவிடும். கொக்கியின் வேலை இங்கே வழிகாட்டுவது மட்டும்: வால் பக்கம் மெல்லத் தொட்டு, வேறு திசைக்குத் திரும்பினால் கொக்கித் தண்டைக் குறுக்கே வைத்து மறிக்கவேண்டும். மற்றப் பக்கங்களை இரண்டு பலகையால் அடைத்துவிட்டால் இன்னும் லேசு.

உடம்பு முழுதும் போனபிறகு குழாயை மெல்ல உயர்த்தினால் பாம்பு பையின் அடிக்கு இறங்கும். அப்போது பையின் கழுத்துக்குக் குறுக்கே கொக்கித் தண்டை நிலத்தோடு அழுத்தி வைக்கவேண்டும். பாம்பு தண்டுக்கு அப்பால், என் கை தண்டுக்கு இப்பால். குழாயை உருவி, கழுத்தைத் திருகி, மடித்துக் கட்டுவது எல்லாம் இந்தப் பக்கத்தில் நடக்கும். பை பிடிக்கிற தம்பி என்ற பதவியே இல்லாமல் போய்விட்டது. அவர் இப்போது டோர்ச் அடிக்கிறார், கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்.

கூட்டம் என்றதும் இன்னொன்று. களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு வீட்டில் நாகம் அரிசி அறைக்குள் இருந்தது. இடுக்கியைக் கண்டதும் அந்த வீட்டுப் பெத்தா வாசலில் நின்று விடவே மாட்டேன் என்றா. "நாகதம்பிரானை நெரிக்காத மகன், அவர் தானாப் போவார்." குழாயை வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். படம் விரித்து நின்ற நாகம் இறங்கவே நேரமெடுத்தது. பிறகு சாக்கின் ஈரப் பக்கமாக நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. "நான் சொன்னன்தானே" என்றா பெத்தா. நம்பிக்கையை விட்டுப் பார்த்தாலும் அவ சொன்னதில் நியாயம் இருக்கிறது. பாம்பின் உடம்பு இருநூறுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகளும் அவற்றோடு மெல்லிய விலா எலும்புகளும். இடுக்கியின் வாய் ஒரே இடத்தில் அழுத்தும்போது உள்ளே என்ன முறிந்தது என்பது வெளியில் தெரியாது. ஊர்ந்து போகிறதைப் பார்த்துச் சந்தோஷமாக வருவோம், அது பற்றைக்குள் போய்ச் செத்திருக்கவும் கூடும். அகன்ற வாயுள்ள இடுக்கிகள் இப்போது வருகின்றன, அவற்றில் அழுத்தம் பரவும். ஆனால் பயத்தில் பிடிக்கிற கை எப்போதும் தேவைக்கு மேல்தான் இறுக்கும்.

குழாய்க்கு என்னை முழுதாக மாற்றியது கழுவுகிற வேலை. பாம்பைக் குளிப்பாட்டுவதா என்று சிரிக்க வேண்டாம். ஆரையம்பதி, கிரான்குளம் பக்கம் கோழிக்கூட்டைச் சுற்றியும் பயற்றம் பந்தலைச் சுற்றியும் பழைய நைலோன் வலையைக் கட்டுகிறார்கள். சாரை அதில் தலையை விட்டால் பின்வாங்க முடியாது. முன்னே தள்ளத் தள்ள நூல் செதிலுக்குள் புதையும். சில வீடுகளில் அதற்கு மேல் மண்ணெண்ணெயும் ஊற்றி வைத்திருப்பார்கள். எலிக்கு வைத்த பசை அட்டையில் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. இப்படி வந்ததை அப்படியே விடமுடியாது, கையால் தொட்டே ஆகவேண்டும்.

இதற்கு வேண்டியது வேறு குழாய், உள்ளே தெரிகிற அக்ரிலிக் குழாய். பாம்பின் தடிப்பைவிடச் சற்றே அகலமாக இருந்தால் போதும். திரும்பி வர இடமிருக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு உடம்பு உள்ளே போனதும் குழாயின் விளிம்பையும் உடம்பையும் சேர்த்து ஒரே கைப்பிடியாகப் பிடிக்கவேண்டும். தலை உள்ளே, நாக்கு அசைவதும் மூச்சு விடுவதும் கண்ணுக்கு முன்னால் தெரியும். கூட நிற்பவர் நிதானமாக வேலை செய்யலாம். நூலை வெட்ட முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் நல்லது. செதில்கள் வால் பக்கமாகப் படிந்திருப்பதால் தலைப் பக்கத்தில் இருந்து வால் நோக்கி விட்டால் கத்தரி செதிலுக்கு மேலால் வழுக்கிக்கொண்டு நூலுக்குக் கீழே போகும். மறுபக்கமாக விட்டால் செதிலைக் கிளப்பிவிடும். இதே வேலையை இடுக்கியால் பிடித்துக்கொண்டு செய்ய முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நூல் வெட்டுவதற்குள் பாம்பு இரண்டு முறை திரும்பிவிடும்.

கழுவுவதற்கு வெயிலில் சற்று வைத்த கிணற்றுத் தண்ணீர், கையை விட்டால் சூடும் தெரியக்கூடாது குளிரும் தெரியக்கூடாது, 28 முதல் 30 பாகை வரை. ஆழம் பாம்பின் உடம்புத் தடிப்பைத் தாண்டக்கூடாது. நீந்தத் தெரிந்த பிராணிதான், ஆனால் களைத்துப்போன பாம்பு தலையை வைக்க இடமில்லாமல் மூழ்கும். சேற்றுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தண்ணீரைத் திரும்பத் திரும்ப மாற்றி ஊற்றுவது, வாய்க்குள் போகாமல் பார்ப்பது. சவர்க்காரம் பொதுவாகத் தேவையில்லை. பசை அட்டைக்கு மட்டும் முறை வேறு: தேங்காய் எண்ணெயை ஊற்றி விரலால் மெல்ல மெல்ல உருட்டிக் கழற்றவேண்டும், இழுக்கக்கூடாது. பிறகு அந்த எண்ணெய் போக கோப்பை கழுவும் மென்மையான திரவம் இரண்டு துளி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசல். பாவித்த சட்டியைத் திரும்பக் குசினிக்குள் கொண்டுபோக வேண்டாம், பாம்புகளில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கும். காயம் ஆழமென்றால் மிருக வைத்தியர்.

இந்தப் பகுதியை நான் சொல்வது விஷமில்லாதவற்றுக்குத்தான். சாரை, தண்ணீர்ப் பாம்பு, சின்ன வெங்கிணாந்தி. வலையில் சிக்கிய புடையனைக் குழாய்க்குள் எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நான் திணைக்களத்தாருக்கு அழைத்துவிட்டுத் தள்ளி நிற்பவன்.

கனடாவில் இருக்கும் என் மைத்துனரின் மகன் சட்டப்படி ஒரு பந்து மலைப்பாம்பு வளர்க்கிறான். வாரம் ஒருமுறை குளிப்பாட்டலாமா மாமா என்று கேட்டான். தேவையில்லை. உரிந்த தோல் ஒட்டிக்கொண்டால் அதே ஆழமில்லாத இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் போதும். இரை எடுத்து இரண்டு நாளைக்குத் தொடாதே, தோல் உரிக்க முன் கண் நீலம் பாய்ந்திருக்கும்போதும் தொடாதே என்றேன். அவனுக்குக் கொக்கிதான் சரி. கூட்டைத் திறந்ததும் கொக்கியால் உடம்பை மெல்லத் தடவினால் இது சாப்பாடு இல்லை என்று பாம்பு பழகிக்கொள்ளும். வளர்ப்புப் பாம்பைப் பைக்குள் போடத் தேவையில்லாததால் என்னுடைய கேள்வியே அங்கே எழாது.

குழாய் கைவிடுகிற இடங்களும் உண்டு. கூரை ஓட்டுக்குள் இருப்பதற்கு அது உதவாது, அங்கே கொக்கி. கிணற்றுக்குள் விழுந்ததற்கு மூன்றுமே உதவாது: கூடை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினால் களைத்த பாம்பு தானாக ஏறிக்கொள்ளும். கரைவலையில் வரும் கடற்பாம்புக்கும் குழாய் வீண். மணலில் அது ஊரமாட்டாது, பொந்தும் தேடாது. அகன்ற மண்வெட்டியால் ஏந்தி அலைக்குள் விடுவது வலைக்காரரின் முறை, அதுவே நல்லது. கடுமையான விஷம், நம் வைத்தியசாலைகளில் உள்ள பாம்பு விஷ முறிப்பு மருந்து கடற்பாம்புக்குரியதும் அல்ல. அந்த மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை விரியன் நான்குக்கும் உரியது. எது கடித்தாலும் வெட்டாமல், கட்டாமல், மோதிரம் காப்பைக் கழற்றிவிட்டு 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

சுருட்டை விரியனைப் பற்றி மட்டும் அடித்துச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. கரையோர மணலில் இருப்பது, நான் கையாண்டது குறைவு. அது ஓடி ஒளிவதைவிடச் சுருண்டு செதிலை உரசிக்கொண்டு நின்று கொத்தவே பார்க்கும் என்பதால் குழாய்க்காகக் காத்திருப்பது வீணாகலாம். அங்கே கொக்கியும் ஆழமான மூடிவாளியும் சரிவரும் என்று நினைக்கிறேன். கட்டு விரியன் குழாய்க்குள் நன்றாகப் போகிறது, ஆனால் இரவில் அது எந்தப் பக்கம் சட்டென்று திரும்பும் என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

கடைசியாகப் பை. உரப்பை வேண்டாம், காற்றுப் போகாது, உள்ளே உரம் ஒட்டியிருக்கும். தடித்த பருத்தித் துணி இரண்டு மடிப்பு, நாலடி நீளம். தையல் ஓரம் வெளிப்பக்கம் இருக்கும்படி தைக்கச் சொல்லுங்கள், உள்ளே நூல் தொங்கினால் பல்லிலும் செதிலிலும் மாட்டும். புடையனின் பல் துணியைத் துளைத்து வெளியே வரும், ஆகவே முடிச்சில் பிடித்துக் காலுக்குத் தள்ளித் தூக்கி, துளையிட்ட மூடிவாளிக்குள் வைத்துத்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றவேண்டும், வெயிலில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகக்கூடாது. எங்கள் இடுக்கி இப்போதும் இருக்கிறது. பாம்பு ஒளிந்திருக்கும் தகரத்தையும் கிடுகையும் தூரத்தில் நின்று இழுக்க அதைவிட நல்ல சாமான் கிடைக்கவில்லை.